கடமான் கழுத்துத் தையல்

என் வீட்டுக்காரர் கணேஷ்குமாருக்கு யாரையும் குறை சொல்ல வராது. எனக்கு அது நன்றாகவே வரும். அதனால்தான் எங்கள் தொழில் இத்தனை காலம் ஓடியது.

தொழில் என்றால், வேட்டைத் தலைகளைப் பாடம் பண்ணுவது. பதற வேண்டாம், இப்போது எவரும் எதையும் சுட்டுத் தூக்கிக்கொண்டு யாங்கோன் பசுந்தாங்கில் இருக்கிற எங்கள் மாடிக்கு வருவதில்லை. பாட்டன் பூட்டன் சுட்டுச் சுவரில் மாட்டிய தலைகள்தான் வரும். தோலைப் பூச்சி அரித்திருக்கும், காது உதிர்ந்திருக்கும், ஒரு கண் எங்கோ விழுந்திருக்கும். அவர் உள்கூடு செய்து, கண்ணாடிக் கண் பதித்து, மூக்குக்கு வண்ணம் தீட்டுவார். தோலை ஊறவைத்துப் போர்த்தித் தைப்பது நான். மற்றவர்கள் செய்த தலை விலைக்கு வந்தால் தரம் சொல்வதும் நான். யாங்கோனில் பழைய சாமான் விற்கிற யாரிடமும் கேட்டுப் பாருங்கள், “சாயிமா பாத்தாச்சா?” என்றுதான் முதலில் கேட்பார்கள்.

மகளுக்குப் பிரசவம் என்று மௌல்மீன் போய்விட்டு நான் திரும்பிய மறுநாளே ரவூப் பாய் போன் செய்தார். அலோனில் அவருக்கு ஒரு கிடங்கு. பழைய நாற்காலி, கடிகாரம், தலை என்று சேர்த்து வைத்து ஓட்டல்களுக்கு விற்கிறவர். ஓட்டல்காரர் ஒருவருடைய தாத்தா சுட்ட கடமான் தலை வந்திருப்பதாகவும், வேலை முடிந்துவிட்டதாகவும், மாட்டுவதற்கு முன் நான் பார்த்துத் தரம் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். அதே ஓட்டல்காரரிடம் இன்னும் பல தலைகள் இருந்தன. அவற்றை எடுத்து வரத்தான் என் வீட்டுக்காரர் மேமியோ போயிருந்தார்.

“மக சொகமாக்கா? பேரப்புள்ள யாரு சாடை?” என்று பாய் வாசலிலேயே ஆரம்பித்தார்.

“சொகம்தான் பாய். சாடையெல்லாம் அப்புறம். தலையக் காட்டுங்க.”

நான் எப்போதும் மூக்கில்தான் தொடங்குவேன். சோம்பேறி ஆள் மூக்குத் துவாரத்துக்குள் கறுப்பை அப்பிவிட்டுப் போய்விடுவான். இதில் உள்ளே போகப் போக நிறம் மங்கி, ஈரம் நிற்கிற மாதிரி பளபளப்பு இருந்தது. உதடு ஒழுங்காக உள்ளே மடிந்திருந்தது. மானின் கண்மணி படுக்கைவாட்டில் இருக்கும். தலை எப்படிச் சாய்ந்தாலும் அது தரைக்குச் சமமாக நிற்க வேண்டும். நின்றது. கடமானுக்குக் கண்ணுக்கு முன்னால் ஒரு பிளவு உண்டு, கோபம் வந்தால் அது அகலத் திறந்துகொள்ளும். இதில் அது பாதி மூடியபடி இருந்தது. காதை நகத்தால் சுண்டினேன், உள்ளே காலி என்கிற சத்தம் வரவில்லை. எல்லாம் என் வீட்டுக்காரர் வேலை. என் வீட்டு ரசம் எனக்குத் தெரியாதா?

பிறகு பின்பக்கம் போய், பிடரி மயிரை எதிர்த்துக் கையை ஓட்டினேன். தையல் விரலுக்குத் தட்டுப்படவில்லை.

மறுபடி ஓட்டினேன். கடைசியில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மயிரை விலக்கிப் பார்த்துத்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நான் தைத்தால் தோல் காய்ந்த பிறகு வகிடு மாதிரி ஒரு மெல்லிய மேடு எழும். தோல் என்றால் மேடு எழத்தான் செய்யும் என்று நான் சொல்வேன், அவரும் தலையாட்டுவார். அப்படியே இருபது வருடம் ஓடிவிட்டது. இங்கே மேடும் இல்லை, ஒரு மயிர்கூட நூலுக்கடியில் சிக்கவும் இல்லை.

“யாரு தச்சா?”

பாய் கடிகாரம் ஒன்றைத் துடைக்கப் போய்விட்டார். “மொதல்ல தரத்தச் சொல்லுங்கக்கா. தரம் சொன்ன பொறவுதான் ஆளு பேரச் சொல்லணும்னு சயா சொல்லிட்டுப் போயிருக்காரு.”

என் வீட்டுக்காரரை எல்லாரும் சயா என்றுதான் கூப்பிடுவார்கள், வாத்தியார் என்கிற மரியாதையில். அந்தச் சயா எனக்குத் தெரியாமல் வேறொரு கையை வைத்துத் தைக்கவும் செய்து, எனக்குப் பரீட்சையும் வைத்திருக்கிறார்.

“பேரச் சொல்லாட்டி நான் வாயே தொறக்க மாட்டேன்.”

“ரிஹானாதான்க்கா. நம்ம மச்சினி. நீங்க ஊருல இல்ல, ஓட்டல்காரன் அவசரப்படுத்துனான். சயாதான் கேட்டாரு, நல்லா தைக்கிற ஆளு இருக்கான்னு.”

ரிஹானாவை எனக்குத் தெரியும். தின்கன்ஜூனில் இருக்கிறாள். கல்யாணப் பெண்கள் இடுப்பில் சுற்றுகிற பட்டுத் தமெய்னுக்கு மணியும் ஜிகினாவும் வைத்துத் தைக்கிறவள். கன்னத்தில் தனாக்காப் பட்டை அரைத்துப் பூசி, கண்ணைத் தாழ்த்திக்கொண்டே பேசுவாள். அழகி என்று சொல்ல முடியாது. சொல்லாமலும் இருக்க முடியாது. ஆனால் என் எரிச்சல் அவள் முகத்தின் மேல் இல்லை. என் வீட்டுக்காரர் எவளையாவது பார்த்துப் பல்லிளித்தால் நான்கு திட்டுத் திட்டிவிட்டுச் சோறு போட்டுவிடுவேன். ஊறிய தோலை அவர் ஒரு பக்கம் பிடிக்க இன்னொருத்தி மறுபக்கம் ஊசி போடுவது என்பது வேறு. அந்த இடம் என்னுடையது.

“தரம் அவர் வந்த பொறவு சொல்றேன்” என்று கிளம்பிவிட்டேன்.

சாயங்காலம் அவர் மேமியோவிலிருந்து போன் செய்தார்.

“தலையப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“கழுத்தப் பாத்தியா? அந்தப் பொண்ணு கை இருக்கே, சாயிமா...” என்று சொல்லி நிறுத்திவிட்டார். மேலே சொல்ல வார்த்தை கிடைக்கவில்லையாம். என் கையைப் பற்றி அவர் இந்த மாதிரி ஒரு வாக்கியத்தைத் தொடங்கியதுகூட இல்லை.

“மத்த தலைங்களையும் அவளே தைக்கட்டும்னு பாய் நெனைக்கிறாரு. எனக்கும் சரின்னுதான் படுது. நீ அப்பப்ப மௌல்மீன் போயி பேரப்புள்ளயப் பாத்துக்கிட்டு நிம்மதியா இரு. தரம் மட்டும் சொன்னாப் போதும். நீ மொத தரம்னு சொல்லிட்டா ஓட்டல்காரன் ஒத்துக்குவான். எல்லாம் உன் வாயிலதான் இருக்கு.”

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளுமாமே, அதை என்னை வாயால் செய்யச் சொன்னார். நல்லது என்று சொன்னால் என் ஊசி மூலைக்குப் போகும். மோசம் என்று சொன்னால் சாயிமா பொய் சொன்னாள் என்று ஆகும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பாய் தொழுகைக்குக் கிளம்புகிற நேரம் பார்த்துக் கிடங்குக்குப் போனேன். “தலைய நெதானமா பாக்கணும் பாய். யாரும் பின்னால வந்து நிக்கக் கூடாது. கதவச் சாத்திட்டுப் போங்க, சாயங்காலம் வந்தாப் போதும்” என்றேன். என் குணம் தெரிந்தவர், சாத்திவிட்டுப் போனார். வழக்கம்போல மின்சாரம் இல்லை. ஆற்றுப் பக்கத்து ஜன்னலடியில் தலையைச் சாய்த்து வைத்துக்கொண்டேன்.

குறை கண்டுபிடிக்கத்தான் போனேன், மறைக்கவில்லை. கண்டும் பிடித்தேன். இடது கொம்பின் அடியில், தோல் வளைந்து ஏறுகிற இடத்தில், ஒரு சின்னச் சுருக்கம். அங்கே அவளுக்குத் தோலை உட்கார வைக்கத் தெரியவில்லை. மனம் குதித்தது. இதைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் தரம் என்று சொல்லிவிடலாம், அது பொய்யும் ஆகாது. ஆனால் கொஞ்ச நேரத்திலேயே அந்தக் குதிப்பு அடங்கிவிட்டது. சுருக்கத்தைச் சொன்னால் அவள் ஒரு படி இறங்குவாள். கழுத்தின் மிச்சமெல்லாம் அப்படியே இருக்கும், அவர் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கத்தரியை எடுத்து நூலை வெட்டினேன்.

ஈரத்துணி போட்டுத் தோலை இளக்கி, மேலிருந்து கீழ்வரை பிரித்தேன். பிரித்த பிறகுதான் அவள் சூட்சுமம் தெரிந்தது. நான் இரண்டு ஓரத்திலும் ஊசியை நேருக்கு நேர் குத்துவேன். அவள் ஒரு பக்கத்துக் குத்துக்கும் மறுபக்கத்துக் குத்துக்கும் இடையே பாதி தூரம் தள்ளித் தள்ளிக் குத்தியிருந்தாள். அதனால் இழுக்கும்போது ஓரங்கள் ஒன்றையொன்று முட்டித் தூக்காமல் பல்லோடு பல் சேர்ந்த மாதிரி படிந்துவிடுகின்றன. வழுக்குகிற பட்டில் மணி தைக்கிறவள் பட்டு சுருங்காமலிருக்கப் பழகிய வழி. இவ்வளவுதானா என்று இருந்தது. இவ்வளவுதான் என்பதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

தைக்க உட்கார்ந்தேன். அவள் குத்திய ஓட்டையில் நான் ஏன் குத்த வேண்டும்? ஓரத்தை ஒரு மயிரளவு சீவி, அவளைப் போலவே பாதி தூரம் தள்ளித் தள்ளி, ஆனால் புதிதாகக் குத்தினேன். நூலுக்கு மெழுகு தடவினேன். ஒவ்வொரு குத்துக்கும் ஊசி முனையால் மயிரை எடுத்து வெளியே விட்டேன். கொம்படிக்கு வந்ததும் ஊசியை வைத்துவிட்டு, ஈர விரலால் தோலைப் பிடரியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றினேன். மாவை ஒத்தி ஒத்தி விளிம்புக்குக் கொண்டுபோகிற மாதிரிதான். அது இறங்கி உட்கார்ந்த பிறகே தைத்தேன். சுருக்கம் இல்லை. காய்வதற்கு வசதியாக ஜன்னலைத் திறந்து, தலையைக் காற்றுப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, கையை ஓட்டிப் பார்த்தேன். அன்றைக்குத் தைத்த மாதிரி நான் வாழ்நாளில் தைத்ததில்லை. இதில் அடக்கம் என்ன வேண்டிக் கிடக்கிறது?

அவர் வந்து ரிஹானா, ரிஹானா என்று உருகுவார். உருகட்டும். நன்றாக உருகிய பிறகு, “அது நான் தச்சது” என்று சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் அவர் முகம் போகிற போக்கைப் பார்த்தால் போதும், எனக்கு மோட்சம் கிடைத்துவிடும்.

அவர் மேமியோ தலைகளோடு வந்து இறங்கிய அன்று எல்லாரும் கிடங்கில் இருந்தோம். பாய் ரிஹானாவையும் வரச் சொல்லியிருந்தார். அவள் ஓரமாக, தனாக்காவும் முக்காடுமாக நின்றாள். அவர் பேரனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டார். என் பதிலுக்குக் காத்திருக்காமல் நேரே கடமானிடம் போய், கழுத்தடியிலிருந்து கொம்புவரை கட்டை விரலை மெல்ல ஓட்டினார். கண் தானாக மூடிக்கொண்டது.

“பாய், தையலா இது? தோலு தானா ஒட்டிக்கிட்ட மாதிரி இருக்கு. நான் போறப்ப இருந்ததவிட இப்பப் படிஞ்சு அழகாயிருக்கு. ரிஹானா, உன் கைக்குத் தங்கத்துல காப்பு போடணும்மா.”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் ரிஹானா கிட்டே வந்து குனிந்தாள். மயிரை விலக்கினாள். விரல் நேரே இடது கொம்படிக்குப் போய் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பேசாமல் பாராட்டை வாங்கிக்கொள்வாள், அப்போது போட்டு உடைக்கலாம் என்று நான் காத்திருந்தேன்.

“சயா, இது என் தையல் இல்ல” என்றாள்.

“அடக்கத்தப் பாத்தீங்களா பாய்!”

“இல்ல சயா. கொம்படியில எனக்குச் சுருக்கம் விழுந்துச்சு. இதுல இல்ல. பிரிச்சுத் தச்சிருக்காங்க. இது அக்கா கை.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இப்படிச் சொல்ல வேண்டியிருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் நிமிர்ந்து நின்று, “ஆமா. நான்தான் தச்சேன்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பில் துளி விஷமில்லை. இருந்திருந்தால் தேவலாம்.

“போ சாயிமா. உனக்கு இப்படி வராது” என்றார். அவள் பக்கம் திரும்பி, “இவ கோவிச்சுக்குவான்னு பயந்துதானேம்மா சொல்ற? பயப்படாத. காஞ்சா சுருக்கம் தானா அடங்கிரும். இவ தையல் எனக்குத் தெரியாதா? இருவது வருசம் தடவுன கையி இது” என்று தன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

வெட்டிய பழைய நூலெல்லாம் என் பைக்குள்தான் இருந்தது. எடுத்து மேசையில் கொட்டியிருந்தால் அவர் நம்பியே ஆக வேண்டும். கை பைக்குள் போகவும் போனது. நூலைக் காட்டித்தான் என் கையை என் புருஷனுக்கு அடையாளம் காட்ட வேண்டுமா என்று நினைத்து, வெறுங்கையை வெளியே எடுத்துவிட்டேன்.

பாயும் இதை எப்படி முடிப்பது என்று தெரியாமல் நெளிந்தார். “அக்கா, நீங்க தரத்தச் சொல்லுங்க. ஓட்டல்காரன் கேக்குறான். கௌண்டேவா, நல்லதுதானா, இல்லையா? ஒரு வார்த்த.”

“மொத தரம் பாய். இதவிட நல்லா யாங்கோன்ல யாரும் தைக்க முடியாது.”

அது சத்தியமான வார்த்தை. அதனால் கூசாமல் சொன்னேன்.

“நான் சொல்லல?” என்று அவர் பாயின் தோளில் தட்டினார். மேமியோ தலைகளை யார் தைப்பது என்கிற பேச்சே அதற்குப் பிறகு எழவில்லை, முடிந்துபோன காரியம் மாதிரி. இரண்டு பேரும் பெட்டிகளைப் பிரிக்கப் போனார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு தடவிய அந்தக் கழுத்தைப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் அந்த விரல் என்னுடைய எதன் மேலும் அப்படிப் போனதில்லை. நானே தைத்த தையலைப் பார்த்து எனக்கே வயிறு எரிந்தது.

ரிஹானா பக்கத்தில் வந்து நின்றாள். அந்தக் கிடங்கில் என் கையைக் கண்டுகொண்டவள் அவள் ஒருத்திதான். அதற்காகவே அவளை இன்னும் கொஞ்சம் வெறுத்தேன்.

“அக்கா, கொம்படியில தோல எப்படி உக்கார வச்சீங்க? நான் எத்தன தடவ பிரிச்சுத் தச்சும் வரல” என்று மெல்லக் கேட்டாள்.

“சொல்ல மாட்டேன் போ” என்றேன்.