அத்தான் சாப்பாட்டை மறக்கும் நாள்

என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தால் சாப்பிட மாட்டார். கத்துவது, பாத்திரத்தை வீசுவது எல்லாம் அவருக்கு வராது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போவார், அவ்வளவுதான். தப்பு செய்தவள் நானாக இருப்பேன், தண்டனை அவர் வயிற்றுக்கு. கல்யாணமான புதிதில் பின்னாலேயே போய்க் கெஞ்சியிருக்கிறேன். அப்புறம் பழகிவிட்டது. பசித்தால் தானாக வருகிறார் என்று மூடி வைத்துவிட்டுப் படுத்துவிடுவேன்.

அவருக்கு வேலை வேன் ஓட்டுவது. கறிகாயோ பள்ளிப் பிள்ளைகளோ ஏற்றுகிற வேன் இல்லை. அனுமதி இல்லாமல் நாட்டில் தங்கியிருப்பவர்களை இமிக்ரேஷன் அதிகாரிகள் பிடித்தால், ஏற்றிக்கொண்டு போகிற வேன். ஜன்னலில் கம்பி வைத்தது. "பிடிக்கிறது அவங்க. நான் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறதோட சரி" என்பார். கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

அப்படிப்பட்டவர் வீட்டின் பின்னறையில்தான், எந்த அனுமதியும் இல்லாத என் தம்பி குடியிருந்தான்.

எங்களைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று விசிட் விசாவில் வந்தவன். போகவில்லை. ஹோட்டல் துணிகளை மொத்தமாகத் துவைத்துக் கொடுக்கும் ஒரு சலவை ஆலையில் சேர்ந்துவிட்டான். சூடான உருளைக்குள் போய் வெளியே வரும் படுக்கை விரிப்பை இந்த முனையில் இவனும் அந்த முனையில் இன்னொருவரும் பிடித்து இழுத்து மடிக்க வேண்டும். விரல் நுனியெல்லாம் கொப்பளித்துக் காய்த்துப்போயிருந்தது. சாயங்காலம் வீட்டுக்குள் வந்தால் அவனுக்கு முன்னால் பிளீச்சிங் வாசனை வரும். சத்தம் மட்டும் வராது. படியில் சத்தம் கேட்காமல் நடப்பது, கதவைச் சத்தமில்லாமல் சாத்துவது, தும்மலைக்கூட விழுங்குவது என்று பழகியிருந்தான். அதனால் இவர் அவனுக்குப் 'பூனை' என்று பேர் வைத்தார். "திருடன்கூட இவனைவிடச் சத்தமா வருவான்டி" என்பார். அவனும் சிரிப்பான். "என்ன அத்தான், மணி கட்டிவிடறீங்களா?" என்று கழுத்தை நீட்டுவான்.

அப்பா செத்தபோது அவன் ஊருக்குப் போகவில்லை. போனால் திரும்ப வர முடியாது. போனில்தான் எல்லாம் பார்த்தான். அம்மா போனில் கூப்பிடும்போதெல்லாம் ஒரே கேள்விதான், எப்பய்யா வருவே. சீக்கிரம்மா, சீக்கிரம்மா என்பான்.

அந்தச் சீக்கிரம் நிஜமாகவே வரப்போகிற மாதிரி இருந்தது. புதிதாக ஒரு சட்டம் வரும் என்று பேச்சு. பல வருஷம் தங்கி ஒழுங்காக வேலை பார்த்தவர்கள், எதிலும் மாட்டாதவர்கள், முறையாகக் குடியிருக்கும் உரிமை வாங்கலாமாம். வாங்கிவிட்டால் ஊருக்குப் போகலாம், வரலாம், அம்மா மடியில் படுத்துவிட்டு வரலாம். அதுவரைக்கும் பிடிபடாமல் இருக்க வேண்டும். இடையில் பிடிபட்டால் எல்லாம் போச்சு, அப்புறம் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. இந்தக் கொஞ்ச நாளை எப்படியாவது தாண்டிவிடணும் என்பதுதான் எனக்கு விழித்தால் ஞாபகம், படுத்தால் ஞாபகம்.

தாண்டுவதற்கு இவர்தான் உதவினார். ஆனால் உதவினார் என்று எங்கேயும் சொல்ல முடியாது. ஆள் பிடிக்கப் போகிற நாளில் டிரைவர்கள் வெளியே எங்கும் நிறுத்திச் சாப்பிடக் கூடாதென்று வேன் கம்பெனியே சாப்பாடு கொடுத்துவிடும். முதல் நாள் ராத்திரியே டிரைவர்களுக்குத் தகவல் வரும். எந்த இடம் என்று வராது, நாளைக்கு உண்டு என்று மட்டும் வரும். அதை வெளியே மூச்சுவிட மாட்டேன் என்று இவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். மூச்சுவிடவும் இல்லை. நான் கட்டி வைத்த டிபன் பாக்ஸை மட்டும் அன்றைக்குச் சமையல் மேடையிலேயே விட்டுவிட்டுப் போவார்.

முதலில் மறதி என்றுதான் நினைத்தேன். அவர் மறந்துவிட்டுப் போகிற நாளில் எல்லாம் சாயங்காலம் டிவியில் வேனைக் காட்டினார்கள். அதற்கப்புறம் புரியாமல் இருக்க நான் என்ன தத்தியா? டிபன் பாக்ஸ் மேடையில் இருந்தால் தம்பி வேலைக்குப் போக மாட்டான். அந்தச் சாப்பாட்டை அவனே சாப்பிட்டுவிட்டு பின்னறையில் படுத்திருப்பான். இவர் சாயங்காலம் வந்து அறையை எட்டிப் பார்த்து, "என்ன பூனை, காய்ச்சலா?" என்பார். "ஆமா அத்தான், லேசா" என்பான் அவன். இவர் ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுப்பார். அவனும் வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வான். இதைப் பற்றி மூன்று பேரும் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. பேசினால் அவர் வாக்குத் தவறியவர் ஆகிவிடுவார்.

கை இப்படி, வாய் அப்படி. டிவியில் அந்தச் சட்டத்தைப் பற்றித் தினமும் வாதம் நடக்கும். ஒருத்தர் கோட்டுப் போட்டுக்கொண்டு கத்துவார், இன்னொருத்தர் கோட்டைக் கழற்றிவிட்டுக் கத்துவார். எல்லாரையும் தூக்கி வெளியே போடு என்கிறவர் பக்கம்தான் இவர். "நாமெல்லாம் வரிசையில நின்னு, ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சு வந்தோம். இவங்க குறுக்க பூந்தா நின்னவன் என்ன கேனையனா?" என்பார். அவர் வரிசையில் நின்றது உண்மைதான். என்னையும் அப்படி நின்றுதான் கூட்டி வந்தார். அந்த வலி அவருக்கு. நான் விடமாட்டேன், பேச்சுக்குப் பேச்சு கொடுப்பேன். தம்பி குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுவான்.

அன்றைக்கு மட்டும் அவன் நிமிர்ந்தான். முதலில் இருக்கிறவர்களைப் பிடித்து அனுப்பு, அப்புறம் சட்டம் பேசலாம் என்று டிவியில் கோட்டுக்காரர் சொன்னார். "அவன் சொல்றதுலயும் நியாயம் இருக்குல்ல" என்றார் இவர்.

"அப்ப என்னையும் ஏத்திட்டுப் போயிடுங்க அத்தான்" என்றான் தம்பி.

இவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "உன்னையா சொன்னேன்? பொதுவாச் சொன்னேன்டா."

"பொதுவான்னா யாரு அத்தான்? உங்க வேன்ல வர்றவங்க எல்லாம் பொதுவா? அதுல ஒருத்தன்தான் எனக்கு எதிர்ல நின்னு துணி மடிச்சான். போன தடவை போயிட்டான்."

"எனக்கு எப்படிடா தெரியும் அது?"

இங்கே நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபமாச்சே. "தெரிஞ்சா மட்டும்? இறக்கியா விட்டிருப்பீங்க? மத்தவங்க வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டுத்தானே இந்த வீட்ல உலை கொதிக்குது" என்றேன்.

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். எழுந்து கை கழுவினார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

காலையிலும் காப்பி குடிக்கவில்லை. முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் எப்போதும்போல டிபன் பாக்ஸைக் கட்டி மேடையில் வைத்தேன், டம்மென்றுதான் வைத்தேன். அவர் ஷூ போட்டார், சாவியை எடுத்தார், வாசலில் கொஞ்சம் நின்ற மாதிரி இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. போய்விட்டார். பாக்ஸ் மேடையில் இருந்தது.

தம்பி குளித்துவிட்டு வந்து அதையே பார்த்தான். "அக்கா, அத்தான் சாப்பாடு எடுத்துட்டுப் போகலையே."

"ராத்திரியே சாப்பிடல. காப்பியும் தொடல. பட்டினி கிடந்து யாரை மிரட்டுறாராம்?"

"அதானா?" அவன் தலையைச் சொறிந்தான். "எல்லாம் என்னாலதான். நேத்து வாயைக் கொடுத்துட்டேன். சாயங்காலம் வந்து கையைக் காலைப் பிடிச்சுச் சமாதானம் பண்றேன்." பாக்ஸின் மூடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதை எடுத்து வை, எங்கிட்ட கொடுக்காதே, கோவக்காரர் சாப்பாடு எனக்குச் செரிக்காது" என்று சிரித்துக்கொண்டே இறங்கினான். படியில் சத்தமே இல்லை.

நான் துணி அளவு மாற்றித் தைக்கும் ஒரு கடையில் வேலை பார்க்கிறேன். ஒரு பெரிய மனிதர் புது பேன்ட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்க, நான் கீழே முட்டி போட்டு மடிப்புக்குக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தேன். வாயில் நாலைந்து ஊசி. கல்லாவுக்கு மேலே டிவி. இன்று காலை பல தொழிற்கூடங்களில் அதிரடிச் சோதனை என்று செய்தி ஓடியது. கம்பி வைத்த வேனைக் காட்டினார்கள்.

மேடையில் பாக்ஸ் இருந்ததன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஊசிகளைத் தரையில் துப்பிவிட்டு போனை எடுத்தேன். தம்பி போன் அணைந்திருந்தது. மறுபடி, மறுபடி. அணைந்தேதான் இருந்தது.

"நல்ல காரியம்தான் பண்றாங்க. சட்டம்னு ஒண்ணு இருக்கணும்ல?" என்றார் பேன்ட்காரர், கண்ணாடியைப் பார்த்தபடி. கெட்ட மனிதரெல்லாம் இல்லை. எல்லாரும் சொல்வதைத்தான் சொன்னார். என் வீட்டுக்காரரும் முந்தின நாள் அதைத்தானே சொன்னார். நான் அந்தப் பேன்ட்காரர் காலடியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இவர் இருட்டுகிற நேரத்துக்கு வந்தார். ஷூவைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். விளக்கைப் போடப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"பூனை எங்க?" என்று கேட்டேன். தெரிந்தேதான் கேட்டேன்.

"என் வண்டியிலதான்."

அப்புறம் அவர், "நான் சாப்பாட்டை வெச்சிட்டுத்தானே போனேன்? நீ பாக்கலையா?" என்றார். அத்தனை நாளில் அதை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"பாத்தேன். கோவம்னு நெனச்சேன்."

"கோவம்தான். இல்லைன்னு சொல்லலை. ஆனா ராத்திரியே தகவல் வந்துடுச்சு. வாசல்ல நின்னேன். நீ ஒரு தடவை திரும்பிப் பாப்பேன்னு நெனச்சேன். வாயைத் திறந்து, அவனை அனுப்பாதேன்னு ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். ரெண்டு வார்த்தை. சொல்லலைடி." தலையில் தலையில் அடித்துக்கொண்டார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். அவரைத் திட்ட வேண்டும் என்று காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை.

"உங்களைப் பாத்து என்ன சொன்னான்?"

"பாத்தான். பாத்துட்டு யாரோ எவரோ மாதிரி முகத்தைத் திருப்பிக்கிட்டான். அதிகாரி பக்கத்துலயே நின்னாரு. ஏறி உக்காந்ததும், 'கொஞ்சம் தண்ணி கிடைக்குமா சார்'னு கேட்டான்."

"சாரா?"

"சார்னுதான் கூப்பிட்டான்." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அத்தான்னு வாயில வந்திருந்தா என் வேலை போயிருக்கும், உன்னையும் விசாரிச்சிருப்பாங்க. போற வழியெல்லாம் கண்ணாடியில பாத்தேன். தலையே நிமிரலை."

நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். "நான் போய் ஒரு தடவை பாத்துட்டு வரட்டா? தூரத்துல நின்னாவது?"

"விடமாட்டாங்க. நீ போனா, எங்க தங்கியிருந்தான்னு அவனைப் போட்டுக் குடைவாங்க. இதுவரைக்கும் ரோட்டுல படுத்திருந்தேன்னே சொல்லிட்டிருக்கான்." குனிந்து ஷூவைக் கழற்றினார். "பாஸ்போர்ட் அவன் சட்டையிலயே இருந்துச்சாம். அப்படி இருக்கிறவங்களை உடனே அனுப்பிடறாங்க. நாளைக்குக் காலைல ஏர்போர்ட்."

"யார் வண்டி?"

அவர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"லீவு சொல்லிடறேன்" என்றார். "உடம்பு சரியில்லைன்னு சொல்லிடறேன். வேற எவனாவது ஓட்டட்டும். இதை என் கையால செய்ய மாட்டேன்."

அவர் சொன்னது எனக்கு முதலில் சரியாகத்தான் பட்டது. என் தம்பியைக் கொண்டுபோய்த் தள்ளுகிற வண்டியை என் புருஷனா ஓட்டுவது? பின்னறைக் கதவு திறந்தே கிடந்தது. இனி அம்மா போன் பண்ணுவாள், உன் தம்பி வந்துட்டான்டி என்று சந்தோஷமாகச் சொல்லுவாள். எப்படி வந்தான் என்று அவளிடம் யார் சொல்வது? நாளைக்குக் காலையில் அவன் அந்தக் கம்பி ஜன்னலுக்குள் யாரோ ஒரு டிரைவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு போவான். முகம் தெரிந்த மனிதர் ஒருத்தர்கூட இல்லாமல், பிணத்தை எடுத்துப் போகிற மாதிரிப் போவான்.

"லீவு போடாதீங்க" என்றேன். "நீங்களே ஓட்டுங்க."

அவர் என்னைப் பார்த்தார். "என்னடி சொல்றே?"

"ஊருக்குப் போறவனை வழியனுப்ப வீட்டு ஆள் ஒருத்தராவது வேணாமா?"

விடிந்ததும் யூனிபார்மைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.