எந்தப் பெரியம்மா?

மூக்குக்கண்ணாடியின் திருகாணி எள்ளைவிடச் சிறியது. அதை விரல் நுனியில் எடுத்து, துளையில் உட்காரவைத்து, திருப்புளியால் ஒரு சுற்றுச் சுற்றுவது கண்ணாடிக்காரருக்குக் கைவந்த கலை. வாடிக்கையாளர் தும்மி முடிப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். அந்தக் கைதான் போன வருஷத்திலிருந்து அவரை ஏமாற்றத் தொடங்கியது. விரலில் திருகாணி இருக்கிறது என்று நினைப்பார், இருக்காது. விழுந்துவிட்டது என்று மேஜைக்கடியில் தவழ்ந்து தேடுவார், அது விரலிலேயே ஒட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கும். ஒருநாள் கொதிக்கும் டீ கிளாஸைப் பிடித்தபடி ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தவருக்கு, கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் சுட்டதே தெரிந்தது.

நரம்பு டாக்டர் விரல் விரலாக ஊசியால் குத்திப் பார்த்தார். "மரத்துப் போயிருக்கு. இது பரம்பரையா வர்றதாவும் இருக்கலாம். அப்படின்னா உங்க அப்பா அம்மாவுல ஒருத்தருக்கு இருந்திருக்கணும். உங்க பிள்ளைங்களுக்கும் வர்றதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு."

பிள்ளைகள் என்ன பிள்ளைகள், ஒரே மகள். பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். கண்ணால் தேடமாட்டாள், விரலால் தடவியே நரம்பு எங்கே ஓடுகிறது என்று சொல்லிவிடுவாள். கைக்குழந்தை வந்தால் மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டு அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவளுக்குச் சோறு போடுவது அந்த விரல்.

கண்ணாடிக்காரரின் அம்மா கடைசிவரை ஊசியில் தானே நூல் கோத்தவள். அப்பா சீட்டுக்கட்டைக் கலைக்கும் லாவகத்தைப் பார்க்கவே நாலு பேர் கூடுவார்கள். அதனால் இது வேறு ஏதோ கோளாறு என்று அவர் சொல்லிப் பார்த்தார். மகள் கேட்கவில்லை. தூரத்துச் சொந்தங்களையெல்லாம் தேடிப் பிடித்து செல்போனில் ஒரு குழு தொடங்கினாள். வம்சாவளியைக் கட்டம் கட்டமாக மரம்போல வரைவதற்குத்தான். குழுவுக்கும் 'மரம்' என்றே பெயர்.

"கை மரத்துப் போனதுக்கு மரம் வரையறியா?" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. அவருக்கும் சிரிப்பு வரவில்லை. சும்மா சொல்லிப் பார்த்தார். இப்போதெல்லாம் எதையும் சும்மா சொல்லிப் பார்ப்பதோடு சரி.

குழுவில் முகம் தெரியாத சொந்தங்கள் குவிந்தார்கள். ஒருவர் காலையில் எழுந்தவுடன் ரோஜாப்பூப் படம் அனுப்புவார். ஒருவர் தன் பையனுக்குப் பெண் இருக்கிறதா என்று விசாரித்தார். அந்தக் கூச்சலுக்கு நடுவே, எந்தக் கிளையில் சேர்ப்பது என்றே தெரியாத ஓர் அத்தை எழுதியிருந்தாள்: "உங்க வீட்ல பெரியம்மா இருந்தாங்களே, செருப்பு கழண்டு விழுந்தாக்கூடத் தெரியாம நடப்பாங்களே, அவங்களுக்கும் இதுதானோ?"

பெரியம்மா. அவளை அவர் அடியோடு மறந்திருந்தார். பின்கட்டு அறையில் இருந்தவள். அவர் ரெண்டாவது படிக்கும்போது செத்துப்போனாள். அதுவரை பள்ளிக்கூடத்துக்குக் கைப்பிடித்துக் கூட்டிப்போனது அவள்தான். வழியெல்லாம் ரோட்டைப் பார்க்கமாட்டாள். தலையைக் குனிந்து, பிடித்திருக்கும் கையையே பார்த்துக்கொண்டு நடப்பாள். "உங்க பெரியம்மா கைரேகை பாக்கறாங்களாடா?" என்று கூடப்படித்தவர்கள் மானத்தை வாங்குவார்கள். அவர் வெடுக்கென்று கையை உருவிக்கொண்டு ஓடுவார்.

டாக்டரிடம் சொன்னார்கள். "பெரியம்மாவுக்கு இருந்து அம்மாவுக்கு இல்லைன்னா, அந்த வழியா உங்களுக்கு வரல. இது நடுவுல ஒரு ஆள விட்டுட்டுத் தாண்டிக் குதிக்காது" என்றார் அவர். மகள் வாசலுக்கு வந்ததும் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். கண்ணாடிக்காரருக்கும் நிம்மதி வந்திருக்கவேண்டும். வந்ததோ என்னவோ.

மரத்தில் ஒரு கட்டம் மட்டும் பாக்கி. "பெரியம்மாவோட பேரு வேணும்பா. யாரக் கேக்கலாம்?" என்றாள் மகள்.

அதற்கு ஒரே ஆள் வக்கீல் சித்தப்பாதான். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டியவர், கோர்ட் வாசலை மிதித்ததில்லை. நலம் விசாரித்தால்கூடக் குறுக்கு விசாரணை செய்வார், அதற்காக வந்த பெயர். மறுநாள் கடையில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, ஒரு பிரேமைத் துடைத்தபடியே கண்ணாடிக்காரர் அவருக்குப் போன் போட்டார்.

"பெரியம்மாவா? எந்தப் பெரியம்மா?"

"எங்க வீட்ல இருந்தாங்களே சித்தப்பா."

"அதக் கேக்கல. என்ன முறைல பெரியம்மா?"

"அம்மாவுக்கு அக்கா."

"யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? பெரியம்மான்னா அம்மாவுக்கு அக்காதானே."

வக்கீல் சித்தப்பா வாயடைத்துப் போனார். குடும்ப வரலாற்றில் இது முதல் தடவை.

"டேய், உங்கம்மா ஒத்தப் பொண்ணுடா. அவளுக்கு ஏது அக்கா? அது உங்கப்பாவோட மூத்த சம்சாரம்."

கண்ணாடிக்காரர் பிரேமைத் துடைப்பதை நிறுத்தவில்லை. இது இன்னும் நல்லதுதானே என்றுதான் முதலில் தோன்றியது. "அப்போ எங்களுக்கும் அவங்களுக்கும் ரத்த சம்பந்தமே இல்ல" என்றார்.

"உனக்குத் தெரியும்னுல்ல இத்தனை நாளா நெனச்சுட்டிருந்தேன்" என்றார் சித்தப்பா. குரலில் விசாரணை போய்விட்டிருந்தது. "குழந்தை இல்ல, குழந்தை இல்லன்னு அவளே முன்னால நின்னு உங்கப்பாவுக்கு ரெண்டாவது கட்டி வெச்சா. கட்டி வெச்ச மறு வருஷம் அவளுக்கே நீ பொறந்தே."

"யாருக்கு?"

"அவளுக்குத்தாண்டா. உன்னைப் பெத்தவ அவதான். கையில உணர்ச்சி இல்ல. நீ கைல இருக்கன்னு நெனச்சுட்டு யார்கிட்டயோ பேசிட்டிருந்தா, நீ நழுவிக் கீழ போய்ட்டே. மெத்தை இருந்துச்சு, தப்பிச்சே. அன்னிக்கே உன்னத் தூக்கி எளையவ மடியில போட்டுட்டா. பெரியம்மான்னு கூப்பிடச் சொல்லிக்குடுத்ததும் அவதான். நாங்க எவ்வளவோ சொன்னோம். 'அம்மான்னு கூப்பிட்டா தூக்கச் சொல்லிக் கையை நீட்டுவான், தூக்க எனக்கு ஏது கை'ன்னு சொல்லிட்டா."

அழுகை வரவேண்டிய இடம் இது என்று கண்ணாடிக்காரருக்குத் தெரிந்தது. காத்திருந்தார். வரவில்லை. "சரி சித்தப்பா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். அவர் என்ன பதில் சொன்னார் என்பது மனசில் நிற்கவில்லை. ஒருத்தி படிக்கும் கண்ணாடி கேட்டு வந்தாள். எடுத்துக் காட்டினார். பில் போட்டார்.

சாயங்காலம் சமையலறை மேஜையில் உட்கார்ந்து மகளிடம் எல்லாவற்றையும் சொன்னார். செய்தி வாசிக்கிறவர் மாதிரி, ஏற்ற இறக்கமில்லாமல். மகள் செல்போனில் மரத்தைத் திறந்தாள். பக்கவாட்டில் தனியாக நின்ற பெரியம்மாவின் கட்டத்தை இழுத்து அவருக்கு நேர் மேலே வைத்தாள். அங்கிருந்து ஒரு கோடு அவருக்கு இறங்கியது. அவரிடமிருந்து ஏற்கெனவே ஒரு கோடு அவளுக்கு இறங்கியிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு செல்போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"உனக்கு வருமான்னு பாக்க ரத்த டெஸ்ட் இருக்காம். டாக்டர் அப்பவே சொன்னாரே" என்றார். "ரத்தம் எடுக்கறதுல உன் அளவுக்கு ஆள் கெடையாது. நீ மட்டும் யார்கிட்டப் போய்க் கை நீட்டுவே?" இதையும் சும்மா சொல்லிப் பார்த்தார். பிறகு வாயில் வந்ததையெல்லாம் பேசிக்கொண்டே போனார். லீவு கேட்கவேண்டும், பஸ் எந்த நேரத்தில் வரும், காலையில் சாப்பிடாமல் போகவேண்டுமா.

"அப்பா" என்றாள் மகள். "அவங்க எப்படி இருப்பாங்க?"

முகத்தை யோசித்துப் பார்த்தார். நெற்றியும் நடு வகிடும்தான் ஞாபகம் வந்தன.

"சரியாப் பாத்ததில்லம்மா. தலையக் குனிஞ்சுக்கிட்டே இருப்பாங்க. என் கையத்தான்..."

பேச்சு அங்கேயே நின்றது. அவர் குனிந்து பார்த்தார். மேஜை மேல் அவர் கை மகளின் கைக்குள் இருந்தது. இறுக்கிப் பிடித்திருந்தாள், அவள் விரல்நுனிகள் வெளுத்திருந்தன. எப்போதிலிருந்து பிடித்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

"அப்பா, என்னப் பாருங்க" என்றாள்.

அவர் நிமிரவில்லை. பார்த்துக்கொண்டிருந்தால்தான் அந்தக் கை அங்கே இருந்தது.