அப்பா பெயர் வைத்த சோளம்

அந்த விதை ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சோதனையில் தோற்றவர் திங்கட்கிழமைக் கூட்டம் முடியும் வரை நிற்க வேண்டும். நிலையத்தைத் தொடங்கிய அப்பா ஏற்படுத்தியது. பிறகு இயக்குநரான மூத்த மகன் அதில் இம்மியும் குறைக்கவில்லை. மானம் உள்ளவன் ஒருமுறை நின்றால் திருந்துவான் என்பது அந்தக் குடும்பத்தின் கொள்கை. வருடம் போகப் போக, நிற்பவர்கள் குறைந்தார்கள். நிலையம் உருப்பட்டுவிட்டது என்று இயக்குநர் மார்தட்டிக்கொண்டார்.

ஒரு திங்கட்கிழமை எழுந்தது அவருடைய சொந்தத் தம்பி. அங்கேயே விஞ்ஞானி.

"புதுச் சோளத்தை வெளியிட வேண்டாம்ண்ணா. ஈர மண்ணுல பலமா காத்தடிச்சா தண்டு ஒடியுது. என் பாத்தி பூரா படுத்துடுச்சு."

அந்த ரகத்துக்கு அப்பாவின் பெயர். மறுவாரம் வெளியீட்டு விழா. இயக்குநருக்குக் காதுமடல் சுட்டது.

"மத்தவங்க பாத்தியெல்லாம் நிக்குதே? கோளாறு சோளத்துலயா, உன் கையிலயா?"

எல்லாரும் காகிதத்தைப் புரட்டினார்கள். கணக்கர் மட்டும், "சோளம் நிக்கலைன்னா என்ன, சின்னவர் ஜோரா நிக்கிறாரே!" என்றார். அறையே சிரித்தது. இயக்குநரும் சிரித்தார்.

"அப்பா பேரைக் கெடுக்கன்னே பொறந்தவன் நீ. நில்லு."

தம்பி நின்றான். விதை விவசாயிகளுக்குப் போனது.

கதிர் முற்றும் நேரத்தில் காற்றும் மழையும் சேர்ந்து வந்தன. வயல் வயலாகப் பயிர் சாய்ந்து சேற்றில் அழுகியது. விவசாயிகள் சோளத்தைத் திட்டினார்கள். திட்டியதெல்லாம் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான்.

அடுத்த திங்கட்கிழமை இயக்குநர் கேட்டார்: "இது யார் யாருக்கு முன்னாடியே தெரியும்?"

ஒரு நாற்காலி நகர்ந்தது. பிறகு இன்னொன்று. வரிசை வரிசையாக எழுந்தார்கள். கடைசியில் கணக்கரும் எழுந்தார்.

"எல்லார் பாத்தியும் படுத்துச்சுங்கய்யா," என்றார் பண்ணை மேற்பார்வையாளர், தரையைப் பார்த்தபடி. "நீங்க பார்வையிட வர்ற அன்னைக்கு மட்டும் குச்சி நட்டுக் கட்டி வெச்சிடுவோம். நிக்க வெச்சிடுவீங்களேன்னு பயம்."

தம்பி மட்டும் உட்கார்ந்திருந்தான்.

"நீ ஏன்டா எந்திரிக்கலை?"

"நான் அப்பவே நின்னாச்சு. இப்ப உங்க முறைண்ணா."

அப்பாவின் நாற்காலிக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இயக்குநர் எழுந்தார். தாங்கிப் பிடிக்க ஒரு கை நீளவில்லை. கூட்டம் முடிந்தது என்று சொல்ல வேண்டியவர் அவர்தான். சொல்லாமல் நின்றுகொண்டே இருந்தார்.

தம்பி அவசரமே இல்லாமல் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தான்.