நீலமாய் வந்த தண்ணீர்

என் மனைவி ருதைனா மருத்துவமனை ஒன்றில் இரத்தப் பரிசோதனை செய்கிறவள். எதையும் ‘அது அப்படித்தான்’ என்று விட்டுவிட அவளால் முடியாது. ஜோர்தானின் அம்மான் நகரத்தில், எங்கள் மலைச்சரிவுத் தெருவில் இந்தக் குணத்தால் அவளுக்குச் சிநேகிதமும் உண்டு, பகையும் உண்டு.

எங்கள் படிக்கட்டுக்குக் கீழே, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் அபூ ரமீஸின் வீட்டை ஒட்டி, இடிந்த வீட்டு மனையொன்று பல வருடமாகக் குப்பைமேடாய்க் கிடந்தது. குளிர்காலம் முடிந்ததும் தெருப் பெண்கள் கூடி அதைத் துப்புரவு செய்தார்கள். கான்கிரீட் கட்டிகளை முழுக்க அள்ள முடியவில்லை. மேலே மண் கொட்டி மூடிவிட்டு ஆலிவும் அத்தியும் மாதுளையும் நட்டார்கள். நான் என் ஃபலாஃபில் வடைக் கடையை மூடிவிட்டு எல்லோருக்கும் பொரித்துக் கொடுத்தேன்.

எங்களுக்குக் குழாயில் தண்ணீர் வாரத்துக்கு ஒருநாள்தான். அதை மொட்டைமாடித் தொட்டியில் பிடித்து ஓட்ட வேண்டும். பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கன்றுகளுக்குச் சுமந்தார்கள். ஜூலை வெயிலுக்கு அது எந்த மூலைக்கு? ஒவ்வொன்றாய்க் கருகின. ஆனால் அபூ ரமீஸின் சுவரோரம் நின்ற மாதுளைகள் மட்டும் தளதளவென்று இருந்தன.

ருதைனா அங்கே விரலை விட்டுப் பார்த்தாள். ஈரம்.

“எவன் வீட்டுக் குழாயோ ஒழுகுது!” என்று கத்தினார் அபூ ரமீஸ். “என் சுவரு பாதி ஊறிப்போச்சு. ஆள் மட்டும் தெரியட்டும், அவன் வாசல்லயே பாயைப் போட்டுப் படுத்துடுறேன்.”

“முதல்ல உங்க வீட்டுக் குழாயப் பாருங்க,” என்றாள் எதிர்வீட்டுக்காரி உம்மு வாயில். “திருடன்தான் முதல்ல கூவுவான்.”

தெரு இரண்டுபட்டது. ஒருநாள் முழுக்க எல்லோரும் தொட்டி வால்வுகளை அடைத்து வைப்பது என்று ருதைனா பேசி முடித்தாள். அடைத்தார்கள். அப்படியும் ஈரம் குறையவில்லை. வீடுகள் மேல் பழியில்லை என்றானது. பிறகு யார் மேல்?

வேலை முடிந்து வரும்போதெல்லாம் அவள் மாதுளையடியில் குந்தி மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படியேறினாள். சாப்பிடும்போது பேச்சுக் கொடுத்தால் காதில் விழாது. ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் மூச்சிரைக்க என் கடைக்கு வந்தாள். மகன் லைஸின் பெயரால் என்னை அபூ லைஸ் என்றுதான் கூப்பிடுவாள்.

“அபூ லைஸ், அந்த மண்ணு ஜும்மா தொழுகுது!”

“வெயில்ல ரொம்ப நேரம் நின்னியா?”

“கேளுங்களேன். மத்த நாள்ல வெறும் ஈரம். வெள்ளிக்கிழமை மட்டும் சொதசொதங்குது, போன வாரமும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை மதியம் இந்தத் தெருவுல எங்க தண்ணி நிறையச் செலவாகுது?”

எனக்கும் அப்போதுதான் பொறி தட்டியது. படிக்கட்டின் உச்சியில் பள்ளிவாசல். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்கு முன்னால் நூற்றுக்கணக்கானவர்கள் கை, முகம், கால் கழுவி ஒளு செய்கிற இடம்.

பள்ளிவாசல் இமாம் ஷேக் முஃதஸிமிடம் போய்ச் சொன்னோம். அவர் தாடியைத் தடவிக்கொண்டார். “இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கண்ணால பாக்காம யார் மேலயும் சொல்லக் கூடாதும்மா.”

“பாத்துடலாம், ஷேக்,” என்றாள் ருதைனா. அன்றே செம்பருத்தி இனத்துக் கர்கதேப் பூவை அண்டா நிறையக் கொதிக்கவைத்தாள். ரமலானில் நாங்கள் குடிக்கிற அதே சிவப்புப் பானம்தான், சர்க்கரை மட்டும் இல்லை. ஆண்கள் ஒளு செய்யும் இடத்துக்கு அவள் போக முடியாது என்பதால் அண்டா என் தலையில் விழுந்தது. நான் வடிகாலில் ஊற்றிக்கொண்டிருந்தபோது உள்ளே வந்த ஒருவர், “யா அல்லாஹ், இரத்தம்!” என்று அலறி, செருப்பைக்கூட எடுக்காமல் வெளியே ஓடினார். பின்னாலேயே குழாய்களை எல்லாம் திறந்துவிட்டேன்.

நான் இறங்கி வந்தபோது கீழே தெருவே கூடி நின்றது. மாதுளையடியில் ருதைனா சின்னப் பள்ளமொன்று தோண்டி வைத்திருந்தாள். அதில் தண்ணீர் ஊறத் தொடங்கியது. எல்லோரும் சிவப்புக்காகக் குனிந்தோம்.

வந்தது நீலம். பழைய மையைக் கரைத்தது மாதிரி, பச்சை கலந்த மங்கல் நீலம்.

“சிவப்ப ஊத்தினா நீலம் வருமா?” என்று சிரித்தார் அபூ ரமீஸ். “டாக்டரம்மா, போய் ஃபலாஃபில் பொரிங்க!”

ருதைனாவின் முகம் வாடவில்லை. அவள் கண்கள் இன்னும் அகலமாயின. பள்ளத்தின் ஓரத்திலிருந்து கான்கிரீட் துண்டொன்றைப் பிடுங்கி, கல்லால் பொடித்து, ஒரு கண்ணாடிக் கோப்பையில் போட்டாள். அண்டாவில் மிச்சமிருந்த சிவப்பை மேலே ஊற்றிக் குச்சியால் கலக்கினாள். எங்கள் கண்ணெதிரே சிவப்பு ஊதாவாகி, ஊதா நீலமாகியது.

“சிமெண்டுல சுண்ணாம்பு இருக்கு. இந்த இடிபாட்டுக்குள்ள புகுந்து வந்த தண்ணி வேற என்ன நிறத்துல வரும்?”

அபூ ரமீஸ் கோப்பையை வாங்கினார். தானே இன்னொரு துண்டைப் பொடித்துப் போட்டுப் பார்த்தார். பிறகு தன் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டினார். சண்டை எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. தெருவில் அன்று ஒரு வீட்டிலும் கர்கதே மிஞ்சவில்லை.

மறுநாள் ஷேக் ஒளு செய்யும் இடத்துக்குக் கீழே தோண்டச் சொன்னார். குழாய் உடைந்திருந்தது. “அடைச்சுடலாம்,” என்றார். “அடுத்தவர் சுவரைக் கெடுக்கிறது நமக்கு ஆகாது.”

“சுவரைக் காப்பாத்துங்க, தண்ணிய விட்டுடாதீங்க,” என்று கெஞ்சினாள் ருதைனா. “கழிவறைத் தண்ணி மறுபக்கம் தனியாப் போகுது, பாத்துட்டேன். இது வெறும் கை கால் கழுவின தண்ணி.”

ஷேக் பதில் சொல்லுமுன் அபூ ரமீஸ் குறுக்கே வந்தார். “குழாய என் சுவருக்கு அப்பால திருப்பிவிட்டா எனக்கு ஆட்சேபணை இல்ல. மண்வெட்டி என்கிட்ட இருக்கு.”

அவரே முன்னின்று வெட்டினார். சரிவின் குறுக்கே வாய்க்கால் இறங்கி, மனை முழுக்கச் சுற்றியது. ஒளு செய்யும் இடத்தில் சோப்பு வேண்டாம் என்று ஷேக் ஜும்மா உரையிலேயே சொல்லிவிட்டார். முதல் மழைக்குப் பிறகு கருகிய இடங்களில் மறுபடி நட்டோம். அடுத்த கோடையில் நான்கைந்து மட்டும் போயின. மற்றவை பிழைத்தன. அபூ ரமீஸ் அத்தி மரத்தடியில் நாற்காலி போட்டு, வருகிறவர்களிடம் நீலத் தண்ணீரைத் தானே கண்டுபிடித்தது போலச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ருதைனா மறுப்பதில்லை.

போன வாரம் எதிர்மலையிலிருந்து சில பெண்கள் எங்கள் மனையைப் பார்க்க வந்தார்கள். தங்கள் தெருவிலும் இப்படியொரு வெற்றிடம் இருக்கிறதாம். ருதைனா அவர்களுக்கு இஞ்சித் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“சொல்லுங்க, உங்க பள்ளிவாசல் அந்த இடத்துக்கு மேல இருக்கா, கீழ இருக்கா?”