எலுமிச்சையை விட்டுடு

"உனக்கு வாய் எதுக்கு இருக்கு?" என்று எங்கள் கணக்கு டீச்சர் ஒருமுறை என்னைக் கேட்டார். வகுப்பே சிரித்தது. பலகையில் விடையைச் சரியாகத்தான் எழுதியிருந்தேன். அதை வாய்விட்டுப் படிக்கச் சொன்னதுதான் வம்பாகிவிட்டது. அன்று அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பள்ளிக்கூடம் போவதை நிறுத்தி, வீட்டு அடுப்பு என் கைக்கு வந்த பிறகு தெரிந்தது. உப்புப் பார்க்க.

அப்பா எனக்கு லவுட்ஸ்பீக்கர் என்று பெயர் வைத்திருக்கிறார். வீடுகளுக்கு பெயின்ட் அடிக்கிறவர் அவர். ஏணி மேல் நின்றபடி கீழே போகிறவர்களோடெல்லாம் பேசுவார். அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி வீட்டிலும் அதே தொண்டைதான். அக்காவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவளுக்கு வாய் இல்லையென்றால் நாய் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று அப்பா சொல்வார். அக்காவுக்கு வாய்த்த மாமா மட்டும்தான் என் ஜாதி. லிப்ட் மெக்கானிக். வந்தால் சிரிப்பார், உட்காருவார், சாப்பிடுவார், போய்விடுவார்.

அதனால்தான் அக்கா எங்கள் வீட்டில் இருந்தாள். ஏதோ ஒரு சின்னச் சண்டையில் "நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்" என்றிருக்கிறாள். மாமா "சரி" என்றிருக்கிறார். 'போகாதே' என்று ஒரு வார்த்தை வரும் என்று வாசலில் செருப்பை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். வரவில்லை. வந்ததிலிருந்து இதையே எங்களிடம் விதவிதமாகச் சொல்லிவிட்டாள்.

அன்று செவ்வாய்க்கிழமை. மத்தியானம் அப்பா சாப்பிட வந்திருந்தபோது மாமா அவருக்கு போன் செய்தார். அப்பா கையெல்லாம் பெயின்ட் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"அவ கம்பளித் துணியெல்லாம் இங்கயே இருக்கு. குளிர் ஆரம்பிச்சிடுச்சு. சாயங்காலம் கொண்டு வந்து குடுத்துட்டுப் போறேன்."

போனை வைத்ததும் அக்கா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவ்வளவுதான். முடிஞ்சுது."

"என்னடி முடிஞ்சுது? குளிருதேன்னு கொண்டு வரார்" என்றாள் அம்மா.

"அம்மா, துணியை மூட்டை கட்டி அனுப்பினா என்ன அர்த்தம்? அங்கயே கிடன்னு அர்த்தம். வரட்டும். வாயைத் திறந்து 'வா'ன்னு ஒரு வார்த்தை சொன்னார்னா, அந்தப் பையை அப்படியே தூக்கிட்டுக் கிளம்பறேன். சொல்லலேன்னா பிரிச்சு இந்த அலமாரியில அடுக்கிடுவேன். அதோட சரி."

அக்கா சும்மா மிரட்டுகிறவள் அல்ல. அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து என் துணிகளை எடுத்து என் மடியில் போட்டாள். இடம் காலி.

அம்மா என்னைப் பார்த்தாள். "வர்றவரை வாசலோட அனுப்ப முடியாது. சட்டுனு ஆகிற மாதிரி ஏதாவது பண்ணு. டூட்டியில இருப்பார், எப்பக் கூப்பிடுவாங்கன்னு தெரியாது."

எங்கள் அடுப்பில் இரண்டு பர்னர். ஒன்று எரியாது. ஆகையால் நான் எதைச் சமைத்தாலும் ஒரே வாணலிதான். அகலமான, அடிகனத்த இரும்பு வாணலி. அதில் எதை முதலில் போடுவது, எதைக் கடைசியில் போடுவது என்பதுதான் எனக்குத் தெரிந்த கணக்கு.

இறால் பாக்கெட்டைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு வைத்தேன். வெந்நீரில் போட்டால் ஐஸ் சீக்கிரம் விடும், ஆனால் ஓரம் வெந்து ரப்பர் ஆகிவிடும். அது உருகுவதற்குள் உருளைக்கிழங்கைச் சுண்டுவிரல் நுனி அளவுக்கு நறுக்கினேன். பீன்ஸைச் சாய்த்து வெட்டினேன். சிவப்புக் குடைமிளகாய் ஒன்று, தக்காளி இரண்டு, பூண்டு ஒரு கை. இறாலை வடிகட்டித் துணியால் ஒற்றி எடுத்தேன். ஈரம் இருந்தால் வாணலியில் வதங்காது, குளிக்கும்.

எண்ணெய் காய்ந்ததும் கிழங்கு முதலில். கிளறாமல் விட்டேன். ஒரு பக்கம் சிவந்த பிறகு புரட்டி, மூடி போட்டேன். அப்புறம் பீன்ஸ். அப்புறம் குடைமிளகாய். எல்லாவற்றையும் ஓரத்துக்கு ஒதுக்கி நடுவில் ஒரு குளம் மாதிரி இடம் செய்து, அதில் வெண்ணெயும் பூண்டும் போட்டபோது காலிங் பெல் அடித்தது.

மாமா நின்றிருந்தார். தோளில் கருவிப் பை, கையில் பெரிய துணிப் பை. அதன் வாயை நைலான் கயிற்றால் மூன்று முடிச்சு போட்டுக் கட்டியிருந்தார். சிரித்தார். பையை வாசல் பக்கத்தில் சுவரோரமாக வைத்தார்.

"வாங்க மாப்ளே, உட்காருங்க. டூட்டி எப்படி?" என்றார் அப்பா.

மாமா தலையாட்டினார்.

"லிப்ட் எல்லாம் சௌக்கியமா?"

அதற்கும் தலையாட்டல்.

அக்கா உள் அறைக் கதவை இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்து பார்த்தாள். மூடினாள். பிறகு என்னை மட்டும் கூப்பிட்டாள். எங்கள் சமையலறைக்கும் அந்த அறைக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைத் தடுப்புதான்.

"ஏய், கன்னத்தை உள்ள நாக்கால தள்ளித் தள்ளி விடறார் பாரு. வாய்ப்புண். ராத்திரி டூட்டி தொடர்ந்து பார்த்தா வந்துடும். மிளகாய் கிளகாய் போட்டுத் தொலைச்சிடாதே."

மிளகாய் போடவே இல்லை. மிளகுதான், அதுவும் இனிமேல்தான். கையில் எலுமிச்சம்பழம் இருந்தது. தடுப்பின் பக்கம் வாயைக் கொண்டுபோய், "எலுமிச்சை?" என்றேன்.

"விட்டுடு."

எங்கள் வீட்டில் எண்ணெய் விடுவோம், தண்ணீர் விடுவோம், மோர் விடுவோம். சாறு என்றால் விடுவதுதான். புண்ணுக்கு எலுமிச்சையா என்று எனக்கே ஒரு நொடி தோன்றியது. ஆனால் வாய்ப்புண்ணுக்கு எலுமிச்சை நல்லது என்று ஆஸ்பத்திரியில் யாரோ சொன்னதாக அம்மா முன்பொரு நாள் சொல்லியிருந்தாள். அவர் வாயைப் பற்றி அக்காவுக்குத் தெரியாததா? மறுபடி கேட்கலாம்தான். ஒரு விஷயத்தை இரண்டு தடவை கேட்பது என்னால் ஆகாத காரியம்.

இறாலை வெண்ணெயில் பரப்பினேன். இறால் கொக்கி மாதிரி வளைந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். மோதிரம் மாதிரி சுருண்டால் கெட்டது. கொக்கியானதும் தக்காளி, உப்பு, கொஞ்சம் மிளகு, ஒரு புரட்டு. அடுப்பை அணைத்துவிட்டு முழுப்பழத்தையும் பிழிந்தேன். 'விட்டுடு' என்று அழுத்திச் சொன்னதால் இன்னொரு பழத்தில் பாதியும் பிழிந்தேன்.

வாணலியை அப்படியே கொண்டுபோய் மேசை நடுவில், மடித்த துண்டின் மேல் வைத்தேன். பக்கத்தில் ரொட்டி. மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருப்பதால் நான்கு பேர்தான் உட்கார முடியும். நான் எப்போதும் அடுப்புப் பக்கம் நின்றுதான் சாப்பிடுவேன். எனக்கு அதுதான் வசதி.

அக்கா வந்து மாமாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். முகம் கழுவிப் பொட்டு வைத்திருந்தாள். பேசவில்லை. அவர் பேச வேண்டும் என்பதற்காகத் தன் வாயைக் கட்டிப்போட்டிருந்தாள். அவளுக்கு அது எவ்வளவு பெரிய தவம் என்று எங்களுக்குத்தான் தெரியும்.

மாமா முதல் கரண்டியை வாயில் வைத்தார். கரண்டி வாயிலேயே நின்றது. கண் இரண்டும் பளபளத்தன. பிறகு மென்றார். விழுங்கினார். இரண்டாவது கரண்டி எடுத்தார்.

"நல்லாருக்கா மாப்ளே?" என்றாள் அம்மா.

தலையாட்டினார். கண்ணோரம் தண்ணீர் இறங்கியது. புறங்கையால் துடைத்துக்கொண்டு மூன்றாவது கரண்டியை எடுத்தார்.

"என்னடி இது, மாப்ளே அழறார்?" என்று அப்பா பதறினார். "துணிப் பை குடுக்க வந்ததுக்கா இவ்வளவு துக்கம்?"

அக்கா தன் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்து வைத்தாள். முகம் கோணியது. மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"எலுமிச்சையை விட்டுடுன்னு சொன்னேனா இல்லையா?"

"விட்டேன்" என்றேன்.

"எதை விட்டே?"

"சாறு."

அம்மா வாணலியை எட்டிப் பார்த்தாள். அப்புறம் அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "ஒருத்தி விடாதேங்கிறதுக்கு விட்டுடுங்கிறா, இன்னொருத்தி விட்டுடுங்கறதுக்கு விட்டுடறா! லவுட்ஸ்பீக்கரே, உன் மேல தப்பில்ல, தப்பு மைக்ல!"

அக்கா சிரிக்கவில்லை. மாமா பக்கம் திரும்பினாள். தவம் கலைந்துவிட்டது.

"எரியுதா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு."

"பாரும்மா! பாரு! இதான் இவர். புண்ணுல எலுமிச்சை பட்டாலும் நல்லாருக்கு. பொண்டாட்டி வீட்டை விட்டுப் போனாலும் சரி. இவர் மனசுல என்ன இருக்குன்னு நான் எக்ஸ்ரே எடுத்தா பாக்கிறது?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. மாமாவின் தட்டு, வாணலி இரண்டையும் தூக்கிக்கொண்டு அடுப்புக்கு வந்தேன். பேசத் தெரியாதவளுக்குக் கை இருக்கிறதே. சாற்றை முழுக்க வடித்தேன். பால் ஊற்றினால் புளிப்புக்குத் திரிந்துவிடும். அதனால் இறாலைத் தனியே பொறுக்கி வைத்துவிட்டு, காய்களை வெதுவெதுப்பான தண்ணீரில் அலசினேன். இறாலையும் ஒரு முக்கு முக்கி எடுத்தேன். வாணலியைத் துடைத்து மறுபடி வைத்தேன்.

மாமா தன் தண்ணீர்க் குவளையோடு என் பக்கத்தில் வந்து நின்றார். குழாயைத் திறந்தார். தண்ணீர்ச் சத்தத்துக்குக் கீழே, யாருக்கும் கேட்காத குரலில், "அவ வருவாளா?" என்றார்.

இதை என்னிடம் ஏன் கேட்கிறார் என்று இருந்தது. "அவகிட்ட கேளுங்க" என்றேன். அதுவரை அவரிடம் நான் பேசியதிலேயே பெரிய வாக்கியம் அதுதான்.

"மாட்டேன்னு சொல்லிட்டா?"

 வாணலியில் வெண்ணெயைப் போட்டேன். காய்களைப் போட்டேன். உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை. காய் சூடானதும் இறாலைப் போட்டு அடுப்பை அணைத்தேன். ஒன்று எடுத்து வாயில் வைத்தேன். புளிப்பு போயிருந்தது.

அதை அவர் தட்டில் போடுவதற்குள் அவர் போன் அடித்தது.

"எந்தக் கட்டடம்? எத்தனாவது மாடியில நிக்குது? உள்ள எத்தனை பேரு? குழந்தை இருக்கா? பயப்பட வேணாம்னு சொல்லுங்க. காத்து வரும், ஒண்ணும் ஆகாது. கதவை இழுக்க வேணாம்னு சொல்லுங்க. இதோ பக்கத்துத் தெருவிலதான் இருக்கேன், வந்துட்டே இருக்கேன்."

அக்கா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கேட்டீங்களா அப்பா? லிப்டுக்குள்ள மாட்டினவங்களுக்காக எவ்வளவு பேச்சு! நானும் ஒரு லிப்டுக்குள்ள போய் மாட்டிக்கிட்டாத்தான் என்கிட்ட பேசுவார் போல."

மாமா கருவிப் பையைத் தோளில் மாட்டினார். வாசலில் குனிந்து ஷூவின் நாடாவைக் கட்டினார். கட்டி முடித்தும் நிமிரவில்லை. துணிப் பை அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது.

"வா" என்றார் ஷூவைப் பார்த்து.

"யாரு, நானா? எனக்கு லிப்ட் வேலை தெரியாதே மாப்ளே" என்றார் அப்பா. அம்மா அவர் தொடையில் கிள்ளிய சத்தம் எனக்கே கேட்டது.

அக்கா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "எங்க?"

"வீட்டுக்கு."

"யாரு?"

"நீதான்." நிமிர்ந்துவிட்டார். வாய் வலியில் கோணிக்கொண்டிருந்தது. "லிப்டை முடிச்சிட்டு வந்து கீழ நிக்கிறேன்."

"அப்ப எதுக்கு இந்தப் பையைக் கட்டிக் கொண்டு வந்தீங்க?"

"நீ வரலேன்னா குளிருமே."

அக்கா பையின் மூன்று முடிச்சையும் பார்த்தாள்.  பிறகு, "வாய் எரியுதா?" என்றாள்.

மாமா என்னை ஒரு தரம் பார்த்தார். பாவம், என் மனம் புண்படும் என்று நினைத்திருப்பார். "ரொம்ப எரியுது" என்றார்.

"போங்க, போங்க. அங்க ஆளுங்க மாட்டிட்டு நிக்கிறாங்க."

"போய்ட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு அவர் படிகளில் ஓடினார்.

அக்கா தன் தட்டை இழுத்து வைத்துக்கொண்டாள். புளிப்பு மிச்சமிருந்த அதை ஒவ்வொரு இறாலாக, ஒவ்வொரு பீன்ஸாக, நிதானமாகச் சாப்பிட்டாள். ரொட்டியால் தட்டைத் துடைத்தும் சாப்பிட்டாள். அம்மா மேசையைத் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். "என்னடி யோசனை?" என்று இரண்டு தடவை கேட்டுப் பார்த்தாள். அப்பா முதல்முறையாக ஒரு ஜோக்கும் அடிக்காமல் உட்கார்ந்திருந்தார். அலமாரியின் கீழ்த்தட்டு திறந்தே கிடந்தது. என் துணிகள் கட்டில் மேல் இருந்தன.

மாமாவுக்கென்று மாற்றிச் செய்ததை நான் எவர்சில்வர் டப்பாவில் போட்டேன். மூடினால் உள்ளே இருக்கும் சூட்டிலேயே இறால் மோதிரமாகிவிடும். ஆறட்டும் என்று மூடாமல் வைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து கீழே வண்டி ஹாரன் அடித்தது. ஒரே தடவை, சின்னதாக. அதைக்கூட அவர் முணுமுணுப்பாகத்தான் அடிப்பார்.

அக்கா எழுந்து கை கழுவினாள். டப்பாவை எடுத்து முகர்ந்து பார்த்தாள். விரலை விட்டு ஒரு துண்டு கிழங்கை எடுத்து வாயில் போட்டாள். மூடியை அழுத்தி மூடினாள். சுவரோரம் இருந்த துணிப் பையை, மூன்று முடிச்சும் அவிழ்க்காமல், தோளில் மாட்டினாள். என் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

அம்மா, "ஏண்டி, சொல்லிட்டாவது..." என்று ஆரம்பித்தாள்.

அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு, டப்பாவை இரண்டு கையாலும் பிடித்தபடி, ஒரு வார்த்தையும் பேசாமல் படியிறங்கிப் போனாள்.