அப்படி ஒரு ஊர் இல்லை

மலைத்தோட்டத்துப் பழங்களைச் சேலத்துக்கு ஏற்றிப் போகும் வேனில், முதல் நாளே செல்போனில் ஊரைத் தேர்ந்து இடம் பிடிக்க வேண்டும். அந்தச் செயலியின் திரைகளை வடிவமைத்தவள் நான், சரண்யா. ஊர்ப்பட்டியலை அகர வரிசையில் அடுக்கி, மேலே தேடல் பெட்டியும் வைத்து, சின்னப் பிள்ளைகூடப் பயன்படுத்தலாம் என்று பீற்றிக்கொண்டவளும் நானே.

செயலி வந்து பதினைந்து நாளாகியும் மாரமங்கலத்திலிருந்து ஒரு பதிவுகூட இல்லை. இன்று நாலு மணிக்குள் ஒன்றாவது வராவிட்டால் வேன் இனி அந்தப் பக்கம் போகாது என்று மேலாளர் பிரகாஷ் சொல்லிவிட்டார். குறை ஊர்க்காரர்களிடம்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு காலைப் பஸ்ஸில் மலையேறினேன்.

ஊருக்குள் நான் பார்த்த முதல் வீடு மலருடையது. வாசலில் கூடை கூடையாகப் பட்டர் புரூட், அதாவது அவகாடோ.

"நேத்துப் பறிச்சதுங்க. நாளைக்குப் போகலீன்னா அத்தனையும் கனிஞ்சு வீணாப் போயிருமுங்க" என்றாள். என் வயதுதான் இருக்கும். இடுப்பில் செருகியிருந்த போன் என்னுடையதைவிடப் புதியது.

"போன் இருக்குது, சிக்னல் இருக்குது. அப்புறம் ஏனுங்க வேன் புக் பண்ணலை?" கொஞ்சம் கடுப்பாகவே கேட்டேன்.

"பாத்தனுங்க. அது வேற ஊரு பஸ்ஸுங்களே."

வேன் பேச்சில் பஸ் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. மலர் பட்டியலைத் திறந்து காட்டினாள்.

"அடிவாரம், ஏற்காடு, ஒண்டிக்கடை. பஸ்ஸு ஏறி வர்ற வழிதானுங்க. அதுக்கப்புறம் செம்மநத்தம்னு போட்டிருக்குது, அது எங்க வழியில இல்லீங்க. அப்ப இது செம்மநத்தம் பஸ்ஸு. நம்ம பஸ்ஸுக்குத் தனியா லிஸ்ட்டு வரும்னு இருந்துட்டனுங்க."

அ, ஏ, ஒ. என் அகர வரிசை தற்செயலாகப் பஸ் போகும் வழியிலேயே மலையேறியிருந்தது. இன்னும் கொஞ்சம் கீழே தள்ளியிருந்தால் அவள் ஊர் வந்திருக்கும். ஆனால் தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டோம் என்று தெரிந்தபின் யார் உட்கார்ந்திருப்பார்கள்? இறங்கத்தானே செய்வார்கள்.

"தேடிப் பாத்திருக்கலாமுங்களே?" விடவில்லை நான்.

"அதையும் பாத்தனுங்க" என்று அடித்துக் காட்டினாள். மாரமங்களம். ல வர வேண்டிய இடத்தில் ள. திரையில் வந்தது: 'அப்படி ஒரு ஊர் இல்லை.'

"எங்க ஊரே இல்லைன்னுருச்சுங்க" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாக்கியத்தை எழுதியவள் நான்தான். சுருக்கமாக இருக்கிறது என்று அலுவலகத்தில் பாராட்டுகூட வாங்கினேன். அந்த ஊரிலேயே உட்கார்ந்துகொண்டு அதைப் படிக்க வெட்கமாக இருந்தது. என் மேலேயே கோபம் கோபமாக வந்தது.

மணி பன்னிரண்டு. மடிக்கணினியைத் திறந்தேன்.

"பஸ் நிக்கிற வரிசையில ஊரைச் சொல்லுங்க மலர்."

அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். ஒரு இடத்தில் நிறுத்தி, "இங்க டிரைவர் டீ குடிப்பாருங்க, அதை எழுதாதீங்க" என்றாள். மற்ற வழிகளுக்குத் தெரிந்தவர்களிடம் போன் போட்டுக் கேட்டுச் சொன்னாள். எந்தப் பக்கத்துப் பஸ் என்று முதலில் கேட்டு, அந்த வழியின் ஊர்களை மட்டும் வரிசையாகக் காட்டும்படி பட்டியலை மாற்றினேன். ல, ள, ழ எதை அடித்தாலும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும்படி தேடலைத் திருத்தினேன். இல்லை என்ற வாக்கியத்தை அடியோடு அழித்தேன். இரண்டு முறை பிழை வந்தது, ஒரு முறை சிக்னல் போனது, மலர் சுடச்சுடக் காபி கொடுத்தாள், நான் குடிக்க மறந்தேன்.

மூன்றே முக்காலுக்குப் புதிய பட்டியல் அவள் போனில் திறந்தது.

"போன தடவை மாதிரியே தப்பா அடிக்கட்டுங்களா?" என்று கேட்டாள்.

"அடிங்க."

மாரமங்களம் என்று அடித்தாள். வட்டம் சுற்றியது. பிறகு திரை கேட்டது: 'மாரமங்கலமா?'

மலர் போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்த ஆளுக்குச் சொல்வதுபோல் மரியாதையாகப் பதில் சொன்னாள்.

"ஆமாங்க. அதானுங்க எங்க ஊரு."

பிறகுதான் விரலால் தொட்டாள். பதிவு விழுந்தபோது நாலு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.