மூன்று தரம் கேட்கவேண்டிய மனுசன்

இவாஸ் அலிக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி கொடுப்பதென்றால் மூன்று தரம் கேட்கவேண்டும். முதல் தரம் கேட்டால் நெஞ்சில் கையை வைத்து வேண்டாம் என்பார். இரண்டாம் தரம் கேட்டால் "உங்களுக்கு ஏன் கரைச்சல்" என்பார். மூன்றாம் தரம் கொஞ்சம் கோபமாகக் கேட்டால்தான் இரண்டு கையாலும் வாங்குவார். இதைக் கண்டுபிடிக்கத் தவச்செல்வனுக்கு ஒரு வாரம் போனது. அந்த வாரம் முழுக்க மனுசன் அரைப் பட்டினி.

சுவிஸில், எம்மன்புரூக்கேயில் ஒரு முதியோர் இல்லம். தவச்செல்வன் அங்கே கோப்பை கழுவத் தொடங்கி, காய்கறி வெட்டி, ஒருவழியாகச் சூப் வைக்கிற உத்தியோகத்துக்கு வந்திருந்தான். இவாஸ் அலி அகதி காம்பிலிருந்து புதிதாக வேலைக்கு வந்தவர். ஆப்கானிஸ்தானின் மசார் நகரத்துக்காரர். சமையலறையை நடத்திய ஷெஃப் சுவிஸ்காரன், நல்லவன்தான். ஆனால் ஒரு தரம்தான் கேட்பான். வேண்டாமா, சரி, தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டுப் போய்விடுவான். இவாஸ் அலி அடுத்த கேள்வி வரும் வரும் என்று பார்த்துக்கொண்டே உருளைக்கிழங்குத் தோல் சீவுவார்.

"பசி கண்ணில தெரியுது, வாய் வேண்டாம் எண்டுது. என்ன மாதிரியான ஆள் இது?" என்று தவச்செல்வன் வீட்டில் வந்து சொன்னான்.

மனைவி சுஜீவா சிரித்தாள். "எங்கட ஆக்கள் மட்டும் திறமோ? கலியாண வீட்டில போதும் போதும் எண்டு கையால இலையை மறைச்சுக்கொண்டு, வடை வாளி எங்க நிக்குதெண்டு பாக்கிறேல்லையோ? ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வாங்கோ, நான் போடுறன்."

கூட்டிக்கொண்டு வந்தான். சுஜீவா கேட்கிற வேலையே வைத்துக்கொள்ளவில்லை. கரண்டி நிறைய அள்ளிப் போட்டாள். இவாஸ் அலி அவளைத் தங்கச்சி என்று கூப்பிடப் பழகினார். "வேண்டாம்" என்ற தமிழையும் அன்றைக்கே பழகினார். "ஓம்" என்ற, ஆமாம் என்பதற்கான சொல்லையும் சொல்லிக்கொடுத்தார்கள், ஆனால் அதற்குத்தான் அவரிடம் வேலையே இருக்கவில்லை.

பிறகு எல்லா ஞாயிறும் அவர் வந்தார். இருவருக்கும் தெரிந்த சமையலறை ஜெர்மனில் கதை நடக்கும். பேசுவது பாரசீகம், முகம் மங்கோலிய முகம், அதுதான் தங்கள் ஹசாரா இனத்தின் தலையெழுத்து என்பார். செங்கிஸ்கான் விட்டுப்போன படையாட்களின் வாரிசுகள் என்று ஊரார் சொல்வார்களாம். நூறு வருடத்துக்கு முன் காபூலில் இருந்த அமீர் அவர்களைக் கொன்று குவித்து, மிஞ்சியவர்களை அடிமைகளாக விற்றானாம். இப்போது தலிபான் வருகிறான். போன வருடம் மசாருக்குள் வந்து அடி வாங்கி ஓடியவன், அந்தக் கணக்கைத் தீர்க்காமல் விடமாட்டான் என்றார்.

"கொழும்பில செக்பொயின்ற் வந்தா இவ பொட்டை அழிச்சுப்போடுவா," என்று தவச்செல்வன் மனைவியைக் காட்டிச் சொன்னான்.

இவாஸ் அலி தன் சின்ன மூக்கைத் தொட்டுக்காட்டி, "இதை எதைக்கொண்டு அழிப்பது?" என்று கேட்டார். அவருடைய மனைவி மாசூமாவும் இரண்டு மகன்மாரும் மசாரில் இருந்தார்கள். மூவருக்கும் அதே மூக்கு.

காம்பில் வெளியிலிருந்து வரும் அழைப்பை எடுக்க வழியில்லை. அதனால் தவச்செல்வன் வீட்டு இலக்கத்தைத்தான் ஊருக்குக் கொடுத்திருந்தார். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு ஓகஸ்ட் முதலாம் திகதி, சுவிஸின் தேசிய தினம். ஊரெல்லாம் வாணம் விட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வெடிக்கும் சுஜீவாவின் தோள் தன்பாட்டில் குலுங்கியது. ஒன்பது வருடமாக இந்த நாட்டில் இருந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. அந்தச் சத்தத்துக்குள்தான் தொலைபேசி அடித்தது.

எடுத்தவர் விடுமுறைக்கு வந்திருந்த இவாஸ் அலி. மறுமுனையில் யொல்தாஷ், பக்கத்து வீட்டு உஸ்பெக்காரன், லொறி ஓட்டுபவன். யாரோ வியாபாரியின் செய்மதித் தொலைபேசியில் பேசினான். இவாஸ் அலி சிரித்தார், நெஞ்சில் கை வைத்தார், தலையை ஆட்டினார். பிறகு காதிலிருந்து எடுத்துத் தொலைபேசியையே பார்த்தார். கட்டாகிவிட்டது.

"நல்ல செய்தி," என்றார். "யொல்தாஷ் தன் குடும்பத்தை லொறியில் ஏற்றிக்கொண்டு தெற்கே மலைப்பக்கம் போகிறான். எங்கள் ஆட்கள் இருக்கிற இடம். மாசூமாவையும் பிள்ளைகளையும் கொண்டுபோகட்டுமா என்று கேட்டான்."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"வேண்டாம், உனக்கு ஏன் கரைச்சல் என்றேன்."

தவச்செல்வனுக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. விளங்கியதும் "விசரோ உங்களுக்கு?" என்று தமிழிலேயே கத்தினான். பிறகு ஜெர்மனில் கத்தினான். உயிர் போகிற விசயத்திலுமா இந்த உபசாரம்?

இவாஸ் அலி அமைதியாக விளக்கினார், பாலர் வகுப்புக்குச் சொல்வதுபோல. அந்த லொறியில் யொல்தாஷின் வீட்டார் ஒன்பது பேர். கேட்ட உடனே சரி என்றால், உன் பிள்ளையை இறக்கிவிட்டு என் பிள்ளையை ஏற்று என்று சொன்னதாகிவிடும். அப்படிச் சொல்லிவிட்டு எந்த முகத்தோடு அவன் பக்கத்து வீட்டில் இருப்பது? யொல்தாஷுக்கு இது தெரியும். வருடப் பிறப்புக்கு முளைக்கோதுமையில் செய்த களி கொண்டு வருவான், இவர் மறுப்பார், அவன் வாசலில் நின்று திரும்பத் திரும்பக் கேட்பான். "அவன் திரும்ப அழைப்பு எடுப்பான். இரண்டாம் தரம் கேட்பான். இந்த முறை மூன்றாம் தரம் வரைக்கும் விடமாட்டேன்."

அவன் திரும்ப எடுக்கவில்லை. பேசத் தொடங்கும்போதே அவன் சொன்ன வியாபாரியின் இலக்கத்துக்கு இவர்கள் எடுத்தார்கள். அந்த இரவும், அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் எடுத்தார்கள். தவச்செல்வன் வேலை இடைவேளையில் தெருமுனைத் தொலைபேசிப் பெட்டிக்குள் நின்று எடுத்தான். இணைப்புக் கிடைக்கவில்லை. பாரசீகத்தில் "ஓம்" என்பதற்கான சொல்லைச் சுஜீவா பாடமாக்கி வைத்துக்கொண்டாள். ஆம்பிளைகள் வேலைக்குப் போன நேரம் அடித்தால் அந்தச் சொல்லை மட்டும் சொன்னால் போதும், மிச்சத்தை யொல்தாஷ் பார்த்துக்கொள்வான். கறிக்குத் தாளிக்கும்போதும் அதை முணுமுணுத்தாள். சந்தைக்குப் போகாமல் பருப்பும் முட்டையுமாகச் சமாளித்தாள். தொலைபேசி இரண்டு தரம் அடித்தது. ஒன்று பூம்ப்ளிஸ் ஊரிலிருந்து அவளுடைய அக்கா, மற்றது யாரோ இலக்கம் மாறி எடுத்த சுவிஸ் கிழவி. கிழவிக்குச் சுஜீவா அவசரத்தில் பாரசீகத்தில் ஓம் சொல்லிவிட்டாள்.

அடுத்த வாரம் மசார் விழுந்தது. தொலைக்காட்சியில் கொஞ்சமாகக் காட்டினார்கள், பிறகு காலநிலை சொன்னார்கள். வீடு வீடாகப் போய் முகத்தைப் பார்த்துப் பிடிக்கிறார்கள் என்ற கதை மெல்ல மெல்லத்தான் வெளியே வந்தது. இவாஸ் அலி வேலைக்கு வந்தார், கிழங்கு சீவினார். "யொல்தாஷ் கூட்டிக்கொண்டு போயிருப்பான்," என்பார். "நேரே போய் மாசூமாவைக் கேட்டிருப்பான்." தவச்செல்வனும் "ஓம் ஓம், கட்டாயம்" என்பான். வாய் கூசாமல் சொன்னான், வேறு என்னத்தைச் சொல்வது?

ஒக்டோபரில் ஒரு ஞாயிறு. மூவரும் சாப்பிட உட்காரும் நேரம் பெஷாவரிலிருந்து யொல்தாஷ் எடுத்தான். இந்த முறை இணைப்பு அவ்வளவு தெளிவு. அவன் அழுவது மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த சுஜீவாவுக்கே கேட்டது. இவாஸ் அலி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஏதோ மெல்லச் சொல்லி வைத்துவிட்டு, தன் இடத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கேட்டிருக்கிறான்," என்றார். "வீட்டுக்குப் போய் மாசூமாவையும் கேட்டிருக்கிறான். அவளும் வேண்டாம் என்றிருக்கிறாள். அவள் வேறென்ன சொல்வாள், நல்ல வளர்ப்பு. நானும் வேண்டாம் என்றேன், அவளும் வேண்டாம் என்றாள். சுவிஸில் இருக்கிறவன் வேறு ஏதோ பெரிய வழி பார்த்திருக்கிறான், அதுதான் இரண்டு பேரும் ஒரே கதையாகச் சொல்கிறார்கள் என்று நினைத்தானாம். லொறியில் இடம் இருந்ததாம்."

அதற்குப் பிறகு நடந்ததையும் அவரே சொன்னார். இரண்டு மகன்மாரையும் வீட்டுக் கேற்றடியில் வைத்துச் சுட்டார்கள். பிணத்தை எடுக்க விடவில்லை. மாசூமா அந்த வெயிலில் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைக் கண்டவர்கள் உண்டு. பிறகு கண்டவர்கள் இல்லை.

தவச்செல்வனுக்கு யார்மேல் கோபப்படுவதென்று தெரியவில்லை. துவக்குப் பிடித்தவன் எங்கோ இருந்தான். கண்முன்னால் இருந்தது மரியாதை தெரிந்த ஒரு மனுசன். அந்த மரியாதையைப் பிடித்து உலுக்கவேண்டும்போல இருந்தது, கட்டிப்பிடித்து அழவேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் மேசைத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சுஜீவாவுக்குக் கண்ணீர் தாடை வரைக்கும் வழிந்தது. துடைக்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் சோற்றுக் கரண்டியை எடுத்தாள். இத்தனை நாள் கேட்காமலே போட்டவள், அன்றைக்குக் கேட்டாள்.

"கொஞ்சம் சோறு போடட்டோ, அண்ணை?"

"ஓம்," என்றார் இவாஸ் அலி.

முதல் தரத்திலேயே சொன்னார். அவள் ஒரு கரண்டி போட்டாள்.

"இன்னும் கொஞ்சம்?"

"ஓம்."

இன்னொன்று போட்டாள். அவர் தட்டில் கை வைக்கவில்லை. கறி விடட்டோ என்று கேட்டாள், ஓம். சோறு, ஓம். தட்டில் குவிந்து விளிம்பால் மேசையில் சரிந்தது. அவள் அழுதுகொண்டே அள்ளினாள்.

தவச்செல்வன் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "போதும் சுஜீவா. இனிக் கேளாதையும்."

அவள் கரண்டியை வைத்தாள். இவாஸ் அலி குவிந்த தட்டைப் பார்த்தபடி இன்னொரு தரமும் ஓம் என்றார். அவரிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.